பால் வடியும் நேரம்

என் அன்பு மகனுக்கு,

நீ சுகமாய் இருக்கிறாய் என்று நம்பித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ சுகமாய் இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது. "ஆராதனை முடிஞ்சுதா மகன்?" என்று கேட்டேன். "முடிஞ்சுதும்மா. ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு தூங்கிட்டாரு" என்றாய். நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. பிறகுதான் மற்றதைச் சொன்னாய். கொடகவெலப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இனி உனக்கு வேலை இல்லை, மாத முடிவில் போதகரைப் பார்த்து ஊழியத்தை விட்டுவிடுவதாகச் சொல்லப் போகிறாய், கொழும்பில் உன் நண்பன் இருக்கும் கம்பெனியில் ஓர் இடம் இருக்கிறதாம். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டாய். வழக்கம்போல நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் பக்கத்துத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. "சரிம்மா, வைக்கிறேன்" என்றாய்.

அந்த நேரத்தில் நான் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், பிள்ளைகளுக்கு முன்னால் நின்றால் வாய் திறக்கும், பெரியவர்களுக்கு முன்னால் நின்றால் மூடிக்கொள்ளும். இதை நீ படித்த பிறகு, மற்றத் தோட்டங்களில் உன்னைப் போலவே ஊழியம் செய்யும் உன் நண்பர்களுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுடைய அம்மாமாரும் போனில் பேசாமல் இருந்திருப்பார்கள்.

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து முதல்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். அங்கே கிறிஸ்தவ மாணவர்கள் வாரத்தில் ஒரு மாலை வகுப்பறை ஒன்றில் கூடி ஜெபிப்போம். வட்டமாக நின்று கைகளைக் கோர்த்துக்கொள்வோம். ஒருவர் ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் நிற்பவர் தொடங்க வேண்டும். வாய்விட்டு ஜெபிக்க முடியாதவர் அடுத்தவரின் கையை மெல்ல அழுத்தினால் போதும், முறை அவரைத் தாண்டிப் போய்விடும். படித்து முடிக்கிறவரைக்கும் நான் கையை அழுத்திக்கொண்டே இருந்தேன். "ஒன் பக்கத்துல நின்னா நான் ரெண்டு ஜெபம் பண்ண வேண்டியிருக்கு" என்று ஒருத்தி என்னைக் கேலி செய்து, அடுத்த வாரத்திலிருந்து வேறு இடம் பார்த்து நின்றுகொண்டாள். ஆனால் வாய் பேசாதவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். எந்த ஜெபம் ஆண்டவரிடம் போகிறது, எந்த ஜெபம் எதிரே நிற்கிறவரிடம் போகிறது என்று அந்த வட்டத்தில் நின்றுதான் பழகினேன். இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு இங்கே திரும்பி வருவேன்.

தெஹியோவிட்டப் பக்கத்து இந்த றப்பர் தோட்டத்துக்கு உன் அப்பாவை ஊழியத்துக்கு அனுப்பியபோது நீ முதலாம் வகுப்பு. உனக்குக் கொஞ்சம்தான் ஞாபகம் இருக்கும். அப்பாவும் நானும் தேயிலையில் பிறந்து வளர்ந்தவர்கள். தேயிலைக்கு மழை ஒரு பொருட்டில்லை. படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தலையில் ஒரு பொலித்தீனைப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள். றப்பரைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஆராதனைக்குத் தந்திருந்தது பழைய பிள்ளைக்காம்பரா. முன்பு வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன கட்டடம் அது. சுவரில் யாரோ பெரிய மஞ்சள் வாத்து ஒன்றை வரைந்திருந்தார்கள். அப்பா அந்த வாத்துக்கு முன்னால் நின்றுதான் பிரசங்கம் செய்வார். நாங்கள் வந்த முதல் ஞாயிறு விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போனோம். பிள்ளைக்காம்பரா நிறைந்து, வாசலில் குடையோடு ஆட்கள் நின்றார்கள். "பாத்தியா, ஆண்டவரு வாசலத் தொறந்துட்டாரு" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த ஞாயிறு நல்ல வெயில். உட்காரும் வாங்கு ஒன்றுகூட நிறையவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மழை, மறுபடியும் கூட்டம். வெயிலடித்தால் சனங்கள் அவிசாவளைக்குச் சாமான் வாங்கவும் சுற்றவும் போய்விடுகிறார்கள், மழை பெய்தால் போக இடமில்லாமல் ஆண்டவரிடம் வருகிறார்கள் என்று அப்பா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மழை ஞாயிறு, கூட்டம் நிறைந்திருந்தபோது, அப்பா கைகளை உயர்த்தி ஜெபித்தார். அன்று தந்த மழைக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். இனி வருகிற ஒவ்வொரு ஞாயிறும் விடியற்காலையில் இப்படியே மழையைக் கட்டளையிட்டு, தம்முடைய சனத்தைக் கூட்டிச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். ஆமேன் கொஞ்சம் இழுபட்டுத்தான் வந்தது. றப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ராசாத்தி அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், அப்பாவும் பார்த்துவிட்டார். ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரும் நிற்கும்போது அப்பா விளையாட்டாகக் கேட்டார்.

"என்ன ராசாத்தி, எல்லாரும் ஆமேன் சொன்னாங்க, நீ மட்டும் வாயத் தெறக்கலியே?"

"சொன்னா பலிச்சிருமோன்னு பயந்துட்டேங்க ஐயா."

"பலிக்கணும்னுதானே கேக்குறோம்?"

"நீங்க மழ கேக்குறீங்க. நான் வெள்ளென எந்திரிச்சு வெயிலு கேக்குறேன். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஆண்டவரு என்னங்கய்யா பண்ணுவாரு? பனியக் கொட்டிட்டுப் போயிருவாரு."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் அவருக்கு விளங்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ராசாத்தி அக்காதான் சொன்னார். "மரம் நனஞ்சா வெட்ட ஏலாதுங்க. வெட்டினா பாலு செரட்டைக்கு வராது, பட்டையெல்லாம் ஓடி மண்ணுக்குத்தான் போகும். கெழம நாளுல மழையில போன வேலைய ஞாயித்துக்கெழம கைக்காசுக்கு வெட்டித்தான் சரிக்கட்டுறோம். அதுவும் இல்லாத அன்னைக்குத்தான் இங்க வந்து குந்தியிருக்கோம். நீங்க கும்பலப் பாத்து சந்தோசப்படுறீங்க. எங்க வூட்ல இன்னைக்கு அடுப்ப எப்பிடிப் பத்த வைக்கிறதுன்னு யோசன."

அன்று மத்தியானம் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "அவங்க அடுப்ப அணைக்கச் சொல்லி நான் ஜெபிச்சிருக்கேன். அதுக்கு அவங்க கிட்டயே ஆமேனும் வாங்கியிருக்கேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு உன் அப்பா செய்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும், மகன். அவரிடம் நான் கண்ட மிகத் துணிந்த காரியம் அதுதான். விடியுமுன் எழுந்து, அடுப்படியில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, இன்னைக்கு மரம் காயட்டும்" என்று ஜெபித்தார். தன்னுடைய ஆராதனைக்கு யாரும் வராமல் போகட்டும் என்று ஓர் ஊழியக்காரர் ஜெபித்தார். அன்று வெயில் வந்தது. பிள்ளைக்காம்பராவில் நானும் நீயும் வயதான ஒரு தம்பதியும்தான். அப்பா ஒரு வரியும் குறைக்காமல் முழுப் பிரசங்கமும் செய்தார். நீ வாத்தை எண்ணிக்கொண்டிருந்தாய். ஒரு வாத்துத்தானே என்று பிறகு கேட்டதற்கு, திரும்பத் திரும்ப எண்ணினேன் என்றாய்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அப்பா தினமும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகத் தொடங்கினார். வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடிப் பேர் கொடுக்கும் இடத்தில் ஓர் ஓரமாக நிற்பார். பிறகு பால் வெட்டுகிறவர்களோடு மலைக்கு ஏறுவார். சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி நிறுவைக்குக் கொண்டுவரும்போது, வயதான பெண்களின் வாளியை வாங்கிக்கொள்வார். வேதபுத்தகம் கொண்டுபோகவில்லை, பாட்டுப் பாடவில்லை. வெள்ளைச் சட்டையில் றப்பர் பால் பட்டுக் காய்ந்து கறுத்துப்போகும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. துவைக்கிற எனக்குக் கோபம் வரும். "ஒங்கள ஊழியத்துக்கு அனுப்பினாங்களா, வாளி தூக்க அனுப்பினாங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "தூக்கிப் பாத்தேன், ரெண்டும் ஒரே பாரந்தான்" என்றார். உன்னைப் பள்ளிக்கூடத்தில் 'வாளி ஐயா மகன்' என்று கூப்பிட்டார்கள். நீ ஒருவனுடைய சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு வந்தாய். அன்று குடும்ப ஜெபத்தில் உன் முறை வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஏசப்பா, எங்கப்பாவுக்கு வேற நல்ல வேல குடுங்க" என்று ஜெபித்தாய். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமேன் சொன்னது உன் அப்பாதான். அந்த ஜெபத்துக்கு இதுவரைக்கும் பதில் வரவில்லை. ஆண்டவர் அதே வேலையை உனக்கும் கொடுத்துவிட்டார்.

போதகர் மாதம் ஒருமுறை வருவார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்பார். மழை என்றால் ஒரு கணக்கு, வெயில் என்றால் ஒரு கணக்கு என்று அப்பா உண்மையைச் சொல்வார். இந்தத் தோட்டத்து ஆராதனையை மூடிவிட்டு, ஆட்களை டவுன் கோயிலோடு சேர்த்துவிடலாமா என்று போதகர் ஒருமுறை கேட்டார். தை மாசியில் றப்பர் மரம் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு எலும்பாக நிற்பதை நீ பார்த்திருக்கிறாய். அப்போது பால் குறைந்துபோகும், மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். "அடுத்த எல உதிர்வு வரைக்கும் பாப்போங்க ஐயா" என்று அப்பா சொன்னார். அந்த இலை உதிர்வு வந்தது, போனது. போதகர் மறுபடியும் கேட்டார். அப்பா அதே பதிலைச் சொன்னார். போதகர் சிரித்துவிட்டார். "ஒங்க தோட்டத்துல வருசா வருசம் எல உதிருதா?" என்றார். "ஆமாங்க, திரும்ப வருசா வருசம் துளிர்க்கவும் செய்யுதுங்க" என்றார் அப்பா.

அந்த நாட்களில் நாங்கள் என்ன ஜெபித்தோம் என்று நீ கேட்பாய். விடியுமுன் தேத்தண்ணி கொதிக்கும் நேரத்தில் அடுப்படியில்தான் ஜெபிப்போம். முதலில் கூட்டத்தைக் கேட்டோம். பிறகு கூட்டத்தைக் கேட்க வெட்கமாயிருந்தது. அப்பா மலையில் கேட்டுக்கொண்டு வந்ததை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒருத்தருக்கு முழங்கால் வீக்கம், ஒரு பிள்ளைக்குச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை, ஒரு வீட்டுக்காரர் குடியை விட்டுவிட்டு மறுபடியும் பிடித்துக்கொண்டார். ராசாத்தி அக்காவின் மூத்த மகன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய், பிறகு போனும் இல்லை, தகவலும் இல்லை. இதையெல்லாம் நான் மனதுக்குள் வாங்கி, மனதுக்குள்ளேயே ஜெபிப்பேன். பதில் வந்ததா? சிலதுக்கு வந்தது. பெரும்பாலானதுக்கு அப்போது வரவில்லை. ஆனால் பெயர் பெயராகச் சொல்லி ஜெபித்த பிறகு, அந்த ஆட்களைப் பாதையில் காணும்போது எங்கள் முகம் மாறிவிட்டது. இவர் ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று பார்க்கிற முகம் போய், முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிற முகம் வந்துவிட்டது. ஆண்டவர் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும் என்று காத்திருந்தோம். அவர் அந்த நேரமெல்லாம் எங்கள் அடுப்படியில் வேலை செய்துகொண்டிருந்தார்.

கதவு திறந்த விதம் நாங்கள் எதிர்பாராதது. மரத்தை வெட்டிவிட்டால் உடனே பாலை எடுக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். கோடு கிழித்த இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் வடிந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வாளியில் ஒன்றும் இருக்காது. தங்களுடைய மரங்களையெல்லாம் வெட்டி முடித்தவர்கள் மலையடியில் கல்லில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடுவார்கள். ஒருநாள் அந்த நேரத்தில் ராசாத்தி அக்கா அப்பாவைப் பார்த்து, "என்னங்கய்யா, இத்தன நாளா எங்க கூட சும்மாவே குந்தியிருக்கீங்க. ஊழியக்காரருன்னுதானே அனுப்பியிருக்காங்க, ஒரு பாட்டுக்கூட வராதா?" என்று கேட்டார். அப்பா தயங்கினார். "இப்பவா?" என்றார். "வேற எப்ப? பாலு வடியிற வரைக்கும் நாங்க எங்க போகப் போறோம்? நெனச்சாலும் எந்திரிச்சுப் போக ஏலாது. ஒங்களுக்கு இப்பிடி ஒரு சபை கெடைக்காதுங்க" என்றார். அன்று மலையடியில் ஒரு பாட்டும் ஒரு ஜெபமும். சைவக்காரப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்துக் கிராமத்திலிருந்து பால் வெட்ட வந்த சிங்களப் பெண் ஒருவரும் தன் அம்மாவுக்காக ஜெபிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த நேரம் அதற்கென்றே ஆகிவிட்டது. பிள்ளைக்காம்பரா இன்றைக்கும் வெயில் ஞாயிறுகளில் காலியாகத்தான் இருக்கிறது. சபை மலையில் இருக்கிறது.

ராசாத்தி அக்காவின் மகன் இன்னும் வரவில்லை. அவர் இப்போது வேலையை விட்டு நின்றுவிட்டார், பார்வையும் குறைந்துவிட்டது. ஆனால் வெட்டுக்காரப் பெண்களோடு மலையடி வரைக்கும் நடந்து வந்து, ஜெப நேரத்தில் மகனுடைய பெயரைச் சொல்கிறார். போன கிழமை புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், "எத்தன வருசமாக் கேக்குறீங்க ஆச்சி, சலிக்கலியா?" என்று கேட்டதாக அப்பா சொன்னார். "சலிக்குதுதான். விட்டுட்டா அவன் பேரச் சொல்ல எனக்கு வேற எடமில்லையே" என்றாராம். எனக்கு இதை விளக்கத் தெரியவில்லை. அவருடைய ஜெபத்துக்கு என்ன பதில் என்றும் தெரியவில்லை. அவர் கேட்பதை நிறுத்தாதவரை நானும் நிறுத்துவதில்லை என்பது மட்டும் என் முடிவு.

இப்போது உன்னிடம் வருகிறேன். போன பள்ளி விடுமுறையில் அவிசாவளை, இரத்தினபுரி என்று பஸ் மாறி மாறி உன்னைப் பார்க்க வந்தேனே. நீ ஞாயிறு காலை ஆராதனைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, நான் முகம் கழுவப் பீலிக்குப் போனேன். தண்ணீர் விழும் அந்த இடத்தில் இரண்டு பெண்கள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் உன் அம்மா என்று அவர்களுக்குத் தெரியாது.

"இன்னைக்குக் கோயிலுக்குப் போகலியா நீ?"

"எப்பிடிப் போறது? பக்கத்துச் சின்னத் தோட்டத்து மாத்தயாகிட்ட கொழுந்து எடுக்க வாறேன்னு சொல்லிட்டேன். போனாலும் அந்தத் தம்பி மொகத்தப் பாக்கணுமே."

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருடி, நல்ல புள்ள."

"சொல்ல மாட்டாரு. ஜெபம் பண்ணுவாரு. 'ஓய்வுநாள மறந்துபோன எங்க சகோதரிய நெனச்சருளும்'னு எல்லாரு முன்னுக்கும் பேரு சொல்லி ஜெபம் பண்ணுவாரு. அதுக்கு ரெண்டு ஏச்சு ஏசியிருந்தாக்கூட வாங்கிட்டுப் போயிருப்பேன்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நான் முகம் கழுவாமலே நின்றேன். அன்று ஆராதனையில் உன் ஜெபத்தைக் கவனித்தேன். நீ மனதாரத்தான் ஜெபிக்கிறாய், மகன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஜெபத்தில் பாதி ஆண்டவரிடம் போகவில்லை, வராதவர்களின் லயத்துக் கதவைத் தட்டப் போய்விட்டது. உன் அப்பா மழையைக் கேட்டார், நீ மனச்சாட்சிக் குத்தலைக் கேட்கிறாய். இரண்டும் சனங்களை வாங்கில் உட்காரவைக்கத்தான். கிழமை நாளில் தோட்டத்தில் கிடைப்பது போதாமல்தான் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துச் சின்னத் தோட்டங்களுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள். சும்மா இருக்க முடிந்தால் இருக்க மாட்டார்களா?

அன்று பிற்பகல் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்னொன்றையும் பார்த்தேன். கொழுந்தெடுத்துவிட்டு வந்த பெண்கள் ரோட்டோரத்தில் கொழுந்துப் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எடை நிறுத்து ஏற்றுகிற லொறி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்வரை எழுந்து போகவும் முடியாது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு வருகிற ஞாயிறே பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிவிடாதே. அவர்கள் கேட்கும்வரை பாடாதே. முதலில் அந்தப் பைகளைத் தூக்கி லொறியில் போடு. அது ஒரு வருடமும் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

தூங்கிவிட்டார் என்று சொன்னாயே, அந்தோனி ஐயா, அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தேயிலை ஸ்டோரில் இரவுக் காவல்காரர். விடிய வேலை முடிந்து, வீட்டுக்குப் போய்ப் படுக்காமல், முகத்தைக் கழுவிக்கொண்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு நேரே உன் ஆராதனைக்கு வருகிறார். அன்று நான் அவருக்குப் பின்வாங்கில் இருந்தேன். நீ பிரசங்கம் செய்யும்போது தலை சாயும், மனைவி முழங்கையால் இடிப்பார், நிமிர்ந்து உட்கார்ந்து உன்னைப் பார்த்து ஆமேன் என்பார், மறுபடியும் சாயும். உன் சபை தூங்குகிறது என்று நீ நினைக்கிறாய். தன் தூக்கத்தைக் கொண்டுவந்து உனக்கு முன்னால் வைக்கிற ஓர் ஆள் இருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவரை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போக வேண்டுமானால், அவரிடம் நீ நேரே போய்ச் சொல்ல வேண்டும். போதகரிடம் சொல்வது சுலபம்.

போனில் என்ன சொல்றீங்க என்று கேட்டாயே, இதுதான் என் பதில். போகாதே. நில். நீ நின்றால் அந்தக் கோயில் நிறையும் என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது. என்றைக்கு என்ன செய்வார் என்று ஆண்டவர் எனக்குச் சொல்லவுமில்லை. வேறு வேலைக்கு அவர் உன்னை அழைத்தால் சந்தோஷமாகப் போ, நானே பெட்டி கட்டித் தருவேன். ஆனால் இரண்டு பேர்தான் வருகிறார்கள் என்ற காரணத்துக்காகப் போகாதே. அந்த இரண்டு பேரும் வருகிறவரைக்கும் அது காரணமாகாது. மாத முடிவில் போதகரைப் பார்க்கப் போ. போய், அடுத்த இலை உதிர்வு வரைக்கும் பார்க்கிறேன் என்று சொல். தேயிலையில் ஏது இலை உதிர்வு என்று அவர் கேட்டால், அப்படியென்றால் கெடுவே இல்லையே ஐயா என்று சொல்.

உன்னைத் தனியாக நிற்கச் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். அப்பாவுக்குக் கால் புண் ஆறவில்லை, அவர் இங்கேயே இருந்து ஜெபிப்பார். ஞாயிறு ஆராதனையில் நாம் வட்டமாக நிற்போம். நீ, அந்தோனி ஐயா, அவருடைய மனைவி, நான். வட்டம் சின்னது, முறை சீக்கிரம் வந்துவிடும். இத்தனை வருடம் நான் அழுத்தி அழுத்தி அடுத்தவருக்குத் தள்ளிவிட்ட அந்த முறையை அன்றைக்குத் தள்ளிவிட மாட்டேன். வாய்விட்டு ஜெபிக்கப் போகிறேன். குரல் நடுங்கும், சொல் தடுமாறும், நீ சிரிக்கக் கூடாது. அந்தோனி ஐயா தூங்கினால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருக்கும்.

என்ன கேட்பேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வந்து இறங்கி, பின்னேரம் பீலிக்குப் போய், கூடை கழுவ வருகிற அந்தப் பெண்களிடம் நாளைக்கு மழை வேண்டுமா, வெயில் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா